நூற்று நாற்பத்து மூன்று மாடுகளின் சொந்தக்காரி

முத்துப்பேச்சி அக்கா தீவனக் கம்பெனியை விட்டு வெளியேறியது ஆயுத பூஜை அன்று. வேறொரு நாளாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். அன்றைக்கு அலுவலகம் முழுக்க மாவிலைத் தோரணம். விற்பனைக்காரர்கள் கணக்கு ஏற்றும் டேப்லெட்டுகளை, டேப் என்பார்கள், ஒரு மேஜைமேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். அக்கா அப்போதுதான் திருப்பிக் கொடுத்த டேப்பும் அந்த வரிசையில் இருந்தது. அவளைக் கள்ளி என்று சொன்ன சாமானுக்கு ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தார்கள்.

நான் கேட்டுக்கு வெளியே வண்டியோடு நின்றேன். அக்கா கைவீசி நடந்து வந்தாள். பின்னால் ஏரியா மேனேஜர் பழனிக்குமார் ஒரு பொரிகடலைப் பொட்டலத்தோடு வேகமாக வந்தார்.

"ஏனுங்க பேச்சி, நல்ல நாளுங்க. வெறுங்கையோட போகாதீங்க."

அக்கா வாங்கிக்கொண்டாள். கேட் ஓரமாக நின்ற அவருடைய காரில் இரண்டு வாழைக்கன்று கட்டியிருந்தது. அதன் முன்கண்ணாடிமேல் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள். "போ புள்ள" என்றாள். மேனேஜர் பொட்டலத்தை எடுப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றது கண்ணாடியில் தெரிந்தது.

நாகல் நகரில் அக்கா வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். ஆறேழு வருஷம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டுத் திரும்பியவளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அதனால் அவள் கிராமங்களுக்குக் கிளம்பும்போதெல்லாம் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். இதில் நடந்த பாதியை நான் கண்ணால் பார்த்தது அப்படித்தான். மீதி அக்கா சொல்லக் கேட்டது.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மாமா ஒரு நூற்பாலையின் பஸ் ஓட்டுகிறார். மகள் மதுரையில் நர்ஸிங் படிக்கிறாள். வேடசந்தூரைச் சுற்றியுள்ள காட்டு ஊர்களில் அக்காவுக்குத் தெரியாத மாட்டுக் கொட்டகை கிடையாது. சாணி மிதிப்பாள், கன்றுக்குட்டியைத் தள்ளிவிட்டு உட்காருவாள், வீட்டுக்காரி மாமியாரைத் திட்டுவதை முழுக்கக் கேட்பாள், கடைசியில் எத்தனை மூட்டை என்று கேட்டுவிட்டு எழுந்திருப்பாள். அவ்வளவுதான் அவளுடைய விற்பனை.

அங்கே ஆண்கள் மில்லுக்குப் போகிறார்கள். மாடும் பாலும் தீவனமும் பெண்கள் பொறுப்பு. ஆனால் போன் அப்படி இல்லை. சில வீட்டில் ஒரே போன், அது புருஷன் சட்டைப்பையில் இருக்கும். பெண்ணுக்கென்று தனியாக ஒன்று இருந்தால், அந்த நம்பர் யார் யாரிடம் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மத்தியானம் ஒரு கம்பெனி ஆம்பளை கூப்பிட்டு "மேடம், ரெண்டு நிமிஷம் பேசலாமா" என்று கேட்டால் போதும். அன்றைக்கு இரவு அந்த வீட்டில் சோறு இறங்காது. அதனால் அக்காவிடம் தீவனம் வாங்கிய பெண்கள் எல்லோரும் ஒரே நிபந்தனைதான் வைத்திருந்தார்கள். நம்பரை உனக்குத் தருகிறோம், கம்பெனிக்குப் போகக்கூடாது. அக்கா சரி என்றிருந்தாள். தீவனம் தீர்ந்தால் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். அவளுடைய நம்பரை அவர்கள் "பெரியம்மா", "மதினி" என்று பதிந்து வைத்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் "மாட்டு டாக்டர்" என்று போட்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் கம்பெனி முதலாளி விற்பனைக்கென்று ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம், யார் எப்போது மறுபடி வாங்குவார்கள் என்பதையெல்லாம் டேப்பில் ஏற்ற வேண்டும். அதுவே வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்லும், வாழ்த்து அனுப்பும், மறந்து போனவர்களுக்கு ஞாபகப்படுத்தும். பழனி ரோட்டில் ஒரு ஓட்டல் ஹாலில் பயிற்சி வைத்தார்கள். அக்கா என்னையும் கூட்டிப்போனாள், மத்தியானம் பிரியாணி என்பதால்.

சென்னையிலிருந்து மணிமாறன் என்ற பொறியாளர் வந்திருந்தார். இந்தக் கம்பெனிக்கு ஏற்றாற்போல் எதை வேண்டுமானாலும் மாற்றித் தருவோம் என்றார். முதலாளி உடனே எழுந்து, சாஃப்ட்வேரைத் திறந்ததும் தன் அப்பாவின் படம் வரவேண்டும் என்றார். காப்பி இடைவேளை முடிந்து வந்தால் திரையில் மாலை போட்ட பெரியவர் இருந்தார். பக்கத்தில் ஒரு விளக்கு ஆடி ஆடி எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு அக்கா கேட்டாள். "நம்பர் தரமாட்டேங்கிறவுகளுக்கு அந்த எடத்துல என்ன சார் போடறது?"

"அது கட்டாயம் மேடம். பக்கத்துல சிவப்பு ஸ்டார் இருக்கு பாருங்க. ஃபில் பண்ணாம அடுத்த பக்கம் போகாது."

"போகக்கூடாதுன்னு வச்சது யாரு?"

"சிஸ்டம் மேடம்."

"சிஸ்டத்துக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

ஹாலே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "ஆயிருந்தாத் தெரிஞ்சிருக்கும் சார். பொம்பள நம்பர் வெளிய போனா வீட்டுல என்ன நடக்கும்னு."

மணிமாறன் லேப்டாப்பில் எதையோ குறித்துக்கொண்டார். அதைத் தனி மாற்றமாகச் செய்யவேண்டியிருக்கும், முதலாளி ஒப்புதல் தரவேண்டும் என்றார். முதலாளி கையை உதறினார். "ஆளாளுக்கு ஒண்ணக் கேட்டா இது எப்ப முடியறது?" அப்பாவின் விளக்கு அவருக்குப் பின்னால் ஆடிக்கொண்டே இருந்தது.

பிரியாணி வரிசையில் பழனிக்குமார் அக்காவின் காதோரம் வந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர், பேச்சில் எப்போதும் ஒரு குழைவு இருக்கும். "ஏனுங்க பேச்சி, இதுக்குப் போயி மல்லுக்கட்டிட்டு. உங்க நம்பரையே எல்லாத்துக்கும் போட்டு உடுங்க. யாருங்க பாக்கப் போறாங்க?"

நான் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அக்கா அப்படியே செய்தாள். அத்தனை பெண்களும் அத்தனை பெயரில், அவளுடைய ஒரே நம்பரில் ஏறினார்கள். காலையில் ஆறு மணிக்குக் கம்பெனியின் "இனிய காலை வணக்கம்" வரும்போது, எத்தனை பேரோ அத்தனை வணக்கமும் அக்கா போனுக்கே வரும். அடுப்பு மேடையில் போன் சட்டிக்குள் விழுந்த தவளை மாதிரித் துள்ளும். மாமா எரிச்சலோடு, "ஒரு வணக்கம் வாங்குறதுக்கே எனக்கு வயசாயிப்போச்சு. இவளுக்குப் படை தெரண்டு வந்து கும்பிடுது" என்பார். மூட்டை இறக்கும்போது ஒரு ரகசிய எண் சொன்னால்தான் லாரிக்காரர் இறக்குவார். அந்த எண்ணும் அக்காவுக்கே வரும். லாரிக்காரர் அக்காவைக் கூப்பிடுவார், அக்கா சொல்லுவாள், மூட்டை இறங்கும். அசிங்கமான ஏற்பாடுதான். ஆனாலும் மாடுகள் பட்டினி கிடக்கவில்லை.

அடுத்து ஒருங்கிணைப்பு என்று ஒன்று வந்தது. பில் போடும் பழைய சாஃப்ட்வேர், விற்பனைக்கு வந்த புதியது, செய்தி அனுப்பும் இன்னொரு கம்பெனி, மூன்றும் இனி ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளுமாம். மூன்றும் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. ஒரே நம்பர் என்றால் ஒரே ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் திங்கட்கிழமை வந்தபோது, அக்காவின் டேப்பில் ஒரே ஒரு வாடிக்கையாளர் மிச்சம் இருந்தார். பெயர் சின்னக்கண்ணு, அவள்தான் கடைசியாக மூட்டை வாங்கியவள். மற்ற பெயர்களெல்லாம் போய்விட்டன. அவர்களுடைய மாடுகள் மட்டும் போகவில்லை. கூட்டிச் சேர்த்து அவள் பெயரில் எழுதியிருந்தது: நூற்று நாற்பத்து மூன்று.

அக்கா புகார் கொடுத்தாள். ஆங்கிலத்தில் வந்த பதிலை நான்தான் படித்துச் சொன்னேன். இரட்டைப் பதிவுகளை நீக்கும் வசதி திட்டமிட்டபடி இயங்குகிறது, புகார் முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்.

"இதுக்கும் ஸ்டாரா?" என்றாள் அக்கா. பிறகு, பெயர்களை மனசில் வைத்துக்கொண்டு பழையபடி கொட்டகை கொட்டகையாகப் போனாள். பில் எல்லாம் சின்னக்கண்ணு பெயரில் விழுந்தது.

முதலாளி அறையில் ஒரு பெரிய டிவி மாட்டி, தலைசிறந்த வாடிக்கையாளர்கள் என்று வரிசை ஓடவிட்டிருந்தார்கள். மாநிலத்திலேயே முதல் இடம் வேடசந்தூர் சின்னக்கண்ணுவுக்கு. இவ்வளவு பெரிய பண்ணை நம் பக்கத்திலேயே இருந்து தனக்குத் தெரியவில்லையே என்று முதலாளிக்கு வருத்தம். வேறு தீவனக்காரன் போய் மடக்குவதற்குள் தானே நேரில் போய் கௌரவிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க என்ன இருக்கிறது, விலாசம்தான் சாஃப்ட்வேரில் இருக்கிறதே. பழனிக்குமாருக்கு உண்மை தெரியும். அவர் வாயைத் திறக்காமல் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து கூடவே போனார்.

மறுநாள் நாங்கள் போனபோது சின்னக்கண்ணு கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்காரி. இரண்டு மாடு, ஒரு கன்று. அவள் நிமிராமலே நடந்ததைச் சொன்னாள்.

"காரு வந்து நிக்கிதுக்கா. ஒரு பெட்டி ஆப்பிளு, பொன்னாடை, போட்டோ எடுக்க ஒருத்தன். பெரிய மனுசன் எறங்கி, 'பண்ணை எங்கம்மா'ங்கிறாரு. எந்தப் பண்ணைன்னு கேட்டேன். மாடெல்லாம் எங்கன்னாரு. இந்தா நிக்கிதில்லன்னேன். 'மத்த நூத்தி நாப்பத்தொண்ணு?'ங்கிறாரு. நான் என்னத்தச் சொல்ல? மேய்ச்சலுக்கா போயிருக்குன்னு சொல்ல?"

"அப்புறம்?"

"பிரிச்ச பொன்னாடைய அவரால மடிக்கவும் முடியல, எனக்குப் போடவும் மனசு வரல. நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கிக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரர எழுப்பி அவருக்குப் போர்த்தி போட்டோ எடுத்துட்டாங்க."

அக்கா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சின்னக்கண்ணு நிமிர்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"கார் போனதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. ஊரு பேரு தெரியாத ஆம்பளைக்கு ஓம் பேரு எப்பிடித் தெரியும். எந்த நம்பர்ல பேசுன. எம்புட்டு நாளாப் பேசுற." முந்தானையில் கையைத் துடைத்தாள். "சிம்மக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. பொன்னாடைய மட்டும் ஆணியில மாட்டி வச்சிருக்காரு."

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மாட்டியிருந்தது. சரிகை பளபளத்தது.

"நீ நம்பரக் குடுக்கலைன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள் சின்னக்கண்ணு. "பேரு போனதுக்கே இம்புட்டு. நம்பரும் போயிருந்தா என்னா ஆயிருக்கும்? எனக்கு ஆனது ஆயிருச்சு. மத்தவுகளுதயாச்சும் விட்றாத."

"விட மாட்டேன் கண்ணு" என்றாள் அக்கா.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "அவிங்க இங்கிலீசுல பேசியே என்னைய முட்டாளாக்கிருவாங்க. நீ வந்து சும்மா பக்கத்துல உக்காரு" என்று அக்கா கூப்பிட்டதால் நானும் போனேன். முதலாளி அறையில் ஏதோ பூவாசனையை அடித்திருந்தார்கள். மாட்டுத் தீவனத்தில் சம்பாதித்த அந்த அறையில் மாட்டின் வாடையே வந்துவிடக்கூடாது என்ற பயம் அது. நாங்கள் கிராமத்துச் செருப்போடு உள்ளே போனதும் பழனிக்குமார் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய், நான் பார்ப்பதைக் கண்டு நெற்றியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

மணிமாறன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "ஒரே நம்பர்ல இருந்து இத்தனை கன்ஃபர்மேஷன். இதைப் போலி வாடிக்கையாளர்னுதான் சிஸ்டம் எடுத்துக்கும்."

"இல்லாத ஆளுக்கு மூட்டை போயிருக்கு" என்றார் முதலாளி. "அந்தப் புழுதியில போயி நான் அசிங்கப்பட்டேன். இதுக்கு என்ன பேரு?"

"மூட்டைய மாடு தின்னுருக்கு சார். நூத்தி நாப்பத்து மூணு வாயும் உண்மையான வாயி. போயி எண்ணிப் பாருங்க."

"எண்ணறது இருக்கட்டும். உங்க மேல கேஸ் கீஸ்னு போக எனக்கு விருப்பமில்ல. ஒரு வழி சொல்றேன். ஒவ்வொரு பொம்பளையோட உண்மையான நம்பரையும் ஆயுத பூஜைக்குள்ள ஏத்திருங்க. எல்லாம் தனித்தனியாப் பிரிஞ்சிரும். வேலையும் இருக்கும், பேரும் இருக்கும். நானும் மறந்துர்றேன்."

அக்கா தன் போனை மேஜைமேல் வைத்தாள். "எல்லா நம்பரும் இதுக்குள்ளதான் சார் இருக்கு. தரமாட்டேன்."

நான் மணிமாறனைப் பார்த்துக் கேட்டேன். "நம்பர் இல்லாமலும் பதியலாம்னு மாத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் பொய் சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும். "அந்த ஸ்டாரை எடுக்கறது ஒரு டிக்தான். செத்த நேர வேலை. ஆனா செய்தி அனுப்பற கம்பெனி நம்பர் இல்லாத பதிவை ஏத்துக்காது. அவங்களுக்குத் தனியா எழுதணும். சார் ஒப்புதல் தரணும்."

முதலாளி சலித்துக்கொண்டார். "ஒரு பேச்சிக்காக சிஸ்டத்த மாத்த முடியுமா? உலகமே இதுலதான் ஓடுது."

நான் அந்த உலகத்தில் கொஞ்சம் சுற்றியிருக்கிறேன். மனிதர்கள் இவ்வளவு சுலபமாகத் தங்கள் முதுகெலும்பைக் கழற்றி இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் வேறெங்கும் அவர்கள் அதற்குப் பக்கத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்ததில்லை.

அக்கா பழனிக்குமார் பக்கம் திரும்பினாள். "என் நம்பரப் போடச் சொன்னது யாருன்னு நீங்களாச்சும் சொல்லுங்க சார்."

அவர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு டிவித் திரையில் மாலை போட்ட பெரியவரைப் பார்த்தார். "ஞாபகம் வரலைங்களே" என்றார்.

"பிரியாணி வரிசையில சொன்னீங்க. நான் கேட்டேன்" என்றேன். முதலாளி என்னைப் பார்த்து, "நீங்க கம்பெனி ஆளில்லையேம்மா" என்றார். என் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆயுத பூஜை வரைக்கும் அவர்கள் காத்திருந்தார்கள். அக்காவும் காத்திருந்தாள், அவர்களில் யாருக்காவது கூச்சம் வரும் என்று. இடையில் ஒரு நாள் மாலை போனை எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மகளின் படிப்பு இன்னும் பாக்கி. மாமா உள்ளிருந்து, "குடுத்துத் தொலைச்சாத்தான் என்ன, எந்த நாடு கவுந்துரப் போகுது" என்றார். "உன் பொண்டாட்டி நம்பர எவனுக்காச்சும் குடு பாப்போம்" என்றாள் அக்கா. ஆயுத பூஜையன்று போய் டேப்பைக் கொடுத்தாள். அதைத் துடைத்துச் சந்தனம் பூசினார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கம்பெனி இரண்டு இளைஞர்களை நல்ல சட்டை போட்டு அந்த ஊர்களுக்கு அனுப்பியது, வீடுவீடாக நம்பர் வாங்கி வர. பெண்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்களாம், மாட்டை விற்றுவிட்டோம் என்று. பின்னால் மாடு கத்திக்கொண்டிருந்தது. "அது?" என்று அந்தப் பையன் கேட்டதற்கு ஒருத்தி, "அது பக்கத்து வீட்டுது அப்பு, இங்க வந்து கத்தும்" என்றாளாம்.

இதைக் கேட்டுச் சிரித்தோம். ஆனால் எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. அக்கா ஒரு எண்ணெய் மில்லில் புண்ணாக்கு வாங்கி வண்டியில் கட்டி அதே ஊர்களுக்குப் போனாள். பாதிப் பேர் அவளிடம் வாங்கினார்கள். மீதிப் பேருக்கு அவள் வந்தாலே கம்பெனிக் கார் பின்னால் வரும் என்று பயம், கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு நம்பரைக்கூட வெளியே விடாதவளுக்குக் கிடைத்தது அது. சின்னக்கண்ணு ஒரு மாட்டை விற்றுவிட்டாள். அவளுடைய சிம் திரும்பி வரவில்லை. பேசவேண்டுமென்றால் பால் ஊற்றும் இடத்தில் வேறொருத்தி போனை வாங்கித்தான் பேசுகிறாள். பழனிக்குமாருக்கு மண்டல மேலாளர் பதவி வந்தது. கம்பெனியின் காலண்டரில் தை மாதத்துக்கு, பொன்னாடையோடு தூக்கக் கலக்கத்தில் நிற்கும் ஒரு மில் தொழிலாளியின் படம் இருக்கிறது. கீழே "எங்கள் பண்ணையாளர்" என்று போட்டிருக்கிறது.

அடுத்த வருஷம் சித்திரையில், மறுபடி எங்காவது கிளம்பிவிடலாமா என்று நான் பையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து அக்கா கூப்பிட்டாள். "ஏ புள்ள, எறங்கி வா. எனக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு." புண்ணாக்குப் பொடி ஒட்டிய கையோடு போனை நீட்டினாள். திரையில் மாலை போட்ட பெரியவர், பக்கத்தில் ஆடும் விளக்கு. அதற்குக் கீழே இருந்ததைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள், படித்தேன்.

"அன்பார்ந்த திருமதி சின்னக்கண்ணு அவர்களுக்கு வணக்கம். நெடுநாளாக உங்களைக் காணவில்லை. உங்கள் 143 மாடுகளும் நலமா? எங்கள் முதன்மை வாடிக்கையாளரான உங்களுக்கு ஒரு சிறப்புப் பரிசு காத்திருக்கிறது. விவரம் அறிய உடனே அழையுங்கள். என்றும் உங்கள் சேவையில், உங்கள் விற்பனை அலுவலர், முத்துப்பேச்சி."